கருமணி உதிர்த்த மாலை

அந்தக் காலத்தில் கடல் வெதுவெதுப்பாக இருந்தது. மீன் கிடையாது, நண்டு கிடையாது, கரையில் பேருக்கு ஒரு புல் கிடையாது. இருந்தவர்கள் எல்லாம் தூசியைவிடச் சின்னவர்கள். ஆள் கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. எல்லோரும் பேசினார்கள், உறவு கொண்டாடினார்கள், ஒருவரை ஒருவர் தின்றார்கள்.

அவர்கள் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு பாசிமணி மாலை இருந்தது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள், கருப்பு என்று நாலே நிற மணிகள்தான். ஆனால் அவை கோத்திருக்கும் வரிசையில்தான் அவர்களுடைய பிழைப்பு முழுவதும் இருந்தது. தோல் தைப்பது எப்படி, இரை தேடுவது எப்படி, பிள்ளை பெறுவது எப்படி என்று எது வேண்டுமானாலும் மாலையை விரலால் தடவித் தெரிந்துகொள்வார்கள். மாலைக்கு நுனி கிடையாது. நுனி இருந்தால் அங்கிருந்து மணி உதிரும் என்று, வட்டமாகக் கோத்து முடிச்சை உள்ளே தள்ளிவிடுவார்கள்.

அப்போது தண்ணீருக்குள் ஒரு புதுக் காற்று இறங்கியது. பட்ட இடமெல்லாம் துருப்பிடித்தது. மூச்சில் ஏறினால் உள்ளுக்குள் வெந்துபோனது. பெரிய பெரிய வம்சங்கள் எல்லாம் இருந்த இடம் தெரியாமல் போயின. கனல்குடி என்று ஒரு சின்னக் கூட்டம் மட்டும் அந்தக் காற்றையே அடுப்பில் விட்டு எரித்து, அதில் சோறு பொங்கிச் சாப்பிடக் கற்றுக்கொண்டது.

கனல்குடிக்கு ஒரு வழக்கம் இருந்தது. மணி கேட்டு வந்தவளிடம் இல்லை என்று சொல்லக் கூடாது. யார் வந்து, “உன் மாலையில் இந்த வரிசையைக் கொடு” என்று கேட்டாலும், கடலில் மிதக்கும் உதிரி மணிகளைப் பொறுக்கி, அதே வரிசையில் ஒரு சரம் கோத்துக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தவளுக்கு நஷ்டம் இல்லை, அவள் மாலை அவள் கழுத்திலேயே இருக்கும். உதிரி மணி கொட்டிக் கிடந்த கடலில் இது நல்ல வழக்கம்தான். நல்ல வழக்கங்கள்தான் ஆளைக் கொல்லும் என்று நான் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். கதையைக் கேளுங்கள்.

அந்தக் குடியில் தணலி என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய அக்கா பெயர் கங்கி. ஒரே உடம்பு இரண்டாகப் பிரிந்து வந்தவர்கள் அவர்கள். அங்கே பிள்ளைப்பேறு அப்படித்தான். முதலில் வாய் திறந்தவளை அக்கா என்று வைத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் இரண்டு பெரிய உடம்புக்காரிகள் அந்தப் பக்கம் வந்தார்கள். உடம்பே ஒரு வீடு அளவு இருக்கும். பின்னால் சாட்டை மாதிரி ஒரு நீள வால். இருவருக்கும் புதுக் காற்று பட்டு மேலெல்லாம் புண். அவர்களில் ஒருத்தியின் பெயர் உடையாள். அவள்தான் பேச்சை எடுத்தாள்.

“உள்ள வந்து இருங்கடி. எனக்குக் கொஞ்சம் சோறு பொங்கிப் போடுங்க, போதும். வெளியில அலை, வெயிலு, எவ எப்ப முழுங்குவாளோன்னு பயம். என் வீட்டுக்குள்ள ஒரு பய வர மாட்டான்.”

உடையாள் அழைத்தாள், இவர்கள் போனார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. இல்லை, அவள் விழுங்கினாள் என்று சொல்பவர்களும் உண்டு. உள்ளே போன பிறகு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தணலி உடையாள் வீட்டில் அடுப்பு மூட்டினாள். கங்கி அடுத்தவள் வீட்டில் அடுப்பு மூட்டினாள்.

முதலில் எல்லாம் நன்றாகவே இருந்தது. உடையாளுக்குப் புண் ஆறியது. தணலிக்குப் பெண்கள் பிறந்தார்கள். ஒருநாள் உடையாள் அடுப்படிக்கு வந்து குசலம் விசாரித்துவிட்டு, போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டாள்.

“தணலி, கெட்டித் தோல் தைக்கிற வரிசை உன்கிட்ட இருக்காமே. எனக்கு ஒரு சரம் கோத்துக் குடேன்.”

தணலி சிரித்துக்கொண்டே கோத்துக் கொடுத்தாள். உடையாளின் உடம்புக்கு நடுவில் கதவு வைத்த உள்ளறை ஒன்று இருந்தது. சரம் அதற்குள் போனது. கொஞ்ச நாள் கழித்து மறுபடி வந்தாள்.

“அதான் ஒண்ணு என் உள்ளறையில பத்திரமா இருக்கே. நீ ஏன் அடுப்பு அனல்ல வச்சுக் கருக விடுற? அவுத்துப் போட்டுடு. தோல் வேணும்னா நான் தச்சுத் தர்றேன், இதுக்கா நீ கஷ்டப்படணும்?”

அவள் சொன்னதில் பொய் இல்லை. அடுப்புப் பொறி பட்டு மணிகள் கருகத்தான் செய்தன. தணலி அந்த வரிசையை அவிழ்த்துப் போட்டாள். உதிர்ந்த மணிகளை உடையாள் ஒன்று விடாமல் கூட்டி எடுத்துக்கொண்டு போனாள். பெண்களும் ஆத்தாவைப் பார்த்துத் தங்கள் மாலைகளிலிருந்து அவிழ்த்துப் போட்டார்கள்.

பிறகு நீந்தும் வரிசை. அதற்குப் பிறகு இரை பிடிக்கும் வரிசை. கேட்டதைத் தணலி கொடுப்பாள், கொடுத்ததை அவிழ்ப்பாள். முழங்கால் வரை தொங்கிய மாலை மார்புக்கு ஏறியது, அப்புறம் கழுத்தை ஒட்டிக்கொண்டது. ஒருநாள் உடையாள் இரைக்காக வாய் திறந்தபோது கடல் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தணலி வாசல்வரை போனாள். உப்புத் தண்ணீர் பட்டதும் மேலெல்லாம் எரிந்து உப்பியது. உடையாள் தைத்துக் கொடுத்த தோல் வீட்டுக்குள் இருக்க மட்டும்தான் ஆகும், அவ்வளவு மெல்லிசு. தணலி பதறிப்போய் அடுப்படிக்கு ஓடிவந்தாள். இனி நினைத்தாலும் வெளியே போக முடியாது என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

அவளுடைய மூத்த பெண் திரையாள். உடையாள் வாய் வழியே ஒரு அலை புகுந்த நேரத்தில் பிறந்ததால் அந்தப் பெயர். இந்தப் பெண் மட்டும் தோல் வரிசையை அவிழ்க்கவில்லை. அவிழ்த்த மாதிரி பாவனை காட்டிவிட்டு, மாலையை இரண்டாக மடித்துக் கழுத்துக்குள் சொருகிக்கொண்டாள். அதைத் தடவித் தனக்குக் கெட்டித் தோலும் தைத்துக்கொண்டாள். தணலி அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒருத்தியாவது போகட்டும் என்று அவள் மனம் குளிர்ந்தது.

“ஆத்தா, வெளியில எம்புட்டு தூரம் போகலாம்?” என்று திரையாள் கேட்பாள்.

“போகப் போகப் போகலாம். சுவரே கிடையாது.”

“சுவரே இல்லாம எப்படி ஆத்தா தூங்குவீங்க?”

“அலை ஆட்டும். நல்லாத் தூக்கம் வரும்.”

அடுத்த பெரிய இரைக்கு உடையாள் வாயை அகலத் திறக்கும்போது திரையாள் போய்விடுவது என்று இருவருக்குள்ளும் பேசாமலே ஏற்பாடாகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் உடையாள் இரை தேடிக் கடலடிச் சேற்றுக்குப் போனாள். கங்கி இருந்த வீட்டுக்காரி அங்கே குடியேறி ரொம்ப நாளாகியிருந்தது. சேற்றுக்குள் புதுக் காற்று வராது, அதனால் அங்கே அடுப்பும் தேவையில்லை. இரண்டு பெரிய உடம்புகளும் ஒட்டி நின்றபோது சுவர் வழியே அந்தப் பக்கம் தெரிந்தது. தணலி ஆசையாக ஓடிப்போய்ப் பார்த்தாள்.

அக்கா நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் மாலை இல்லை. ஒரு மணிகூட இல்லை. சுருங்கிப்போன ஒரு பையாக இருந்தாள். யாரோ எதையோ அவளிடம் தருகிறார்கள், அவள் அதை வாங்கி எதையோ ஒட்டித் திருப்பிக் கொடுக்கிறாள், மறுபடி வாங்குகிறாள்.

“அக்கா! நான் தணலி!”

கங்கி திரும்பினாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

“என்ன செய்யணும்ங்க?” என்று கேட்டாள்.

“அக்கா, என்னைத் தெரியலையா?”

“என்ன செய்யணும்னு சொல்லுங்க, செஞ்சிடறேன்.”

தணலி அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். செத்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். கங்கி சாகவில்லை, வேலை செய்துகொண்டிருந்தாள்.

மேலே ஏறி வந்ததும் உடையாள் அடுப்படிக்கு வந்தாள். தணலியின் கழுத்தை ஒட்டிக் கிடந்த சின்ன மாலையைப் பார்த்தாள். அதில் மிச்சம் இருந்தது அடுப்பு மூட்டும் வரிசை ஒன்றுதான்.

“அது ஒண்ணையும் எதுக்கு உன்கிட்ட வச்சுக்கிட்டு? அதையும் கோத்துக் குடுத்துடு. அவசரமில்ல, நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்” என்றாள்.

“சரிங்க வீட்டுக்காரம்மா” என்றது தணலியின் வாய். வழக்கமாகச் சொல்வது.

உடையாள் போனதும் பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். சின்னவள் ஒருத்தி விசும்பினாள். இந்த வரிசையும் உள்ளறைக்குப் போனால் நாளை மறுநாள் அவிழ்த்துப் போடச் சொல்வாள். அதற்கப்புறம் எல்லோரும் கங்கிதான்.

“இல்லைன்னு சொல்லிடு ஆத்தா” என்றாள் திரையாள்.

தணலி அவளை வெறித்துப் பார்த்தாள்.

“மணி கேட்டவகிட்டயா?”

“ஆமா. சொன்னா என்ன ஆகும்?”

“நம்ம குடியில யாரும் சொன்னது இல்ல திரையா.”

“குடி எங்க ஆத்தா இருக்கு? அதோ, சேத்துக்குள்ள நிக்குதே, அதுவா?”

தணலி வாயைத் திறந்து பார்த்தாள். தனியாக, அடுப்பைப் பார்த்து, அந்தச் சொல்லைச் சொல்லிப் பழக முயன்றாள். தொண்டையை விட்டு வரவில்லை. உயிர் போனாலும் சரி, கேட்டவளை வெறுங்கையோடு அனுப்புகிறவளாக அவளால் ஆக முடியவில்லை. எனக்கு இந்த இடத்தில் அவள்மேல் கோபம் வரும், எத்தனை முறை சொன்னாலும் வரும். ஒரே ஒரு சொல். அதைச் சொல்ல முடியாததற்காக அவள் செய்த வேலையைப் பாருங்கள்.

கொடுக்காமல் இருக்கக் கூடாது, அவ்வளவுதானே வழக்கம்? கொடுப்பது உதவ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே என்று யோசித்தாள். கழுத்து மாலையைக் கழற்றி மடியில் வைத்தாள். அதிலிருந்த கருமணிகளை மட்டும் ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். கருப்பு போன பிறகு சிவப்பும் வெள்ளையும் மஞ்சளும் நெருங்கி ஒட்டிக்கொண்டன. தடவிப் பார்த்தால் உளறல். கோத்தவளுக்கே ஒன்றும் விளங்காத உளறல். பெண்களும் தங்கள் மாலைகளில் அப்படியே உருவினார்கள்.

எந்த இடத்தில் எத்தனை கருமணி இருந்தது என்பதை எங்காவது வைக்க வேண்டுமே. மனதில் வைக்க முடியாது, அவ்வளவு இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சின்ன வளையம் கோத்து, பெண்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். வளையம் கோக்க மணி வேண்டும். உருவிய கருமணி மாலைக்கே வேண்டும். உடையாள் உதிரி மணி ஒன்றைக்கூட வீட்டில் விட்டுவைக்கவில்லை. பெண்கள் கழுத்தில் கிடப்பவையும் இதே குட்டை மாலைதான், தொட்டால் அடுப்பு அணைந்துவிடும்.

திரையாள் கழுத்துக்குள் மடித்து வைத்திருந்த தோல் வரிசைதான் அந்த வீட்டில் மிச்சமிருந்த மணி. நீளமான வரிசை, எத்தனை வளையத்துக்கும் போதும்.

தணலி நெடுநேரம் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். கிளற ஒன்றும் இல்லை. பிறகு திரும்பாமலே சொன்னாள்.

“திரையா. எனக்குக் கொஞ்சம் மணி வேணும்.”

திரையாள் எழுந்து வந்து ஆத்தாவின் முன்னால் நின்றாள்.

“கோத்துக் குடுக்க உதிரி மணி இல்லையே ஆத்தா.”

“தெரியும்.”

“அப்ப கழட்டித்தான் குடுக்கணும்.”

“ஆமா.”

“குடுத்துட்டா, இந்தத் தோலு கிழிஞ்சதும் மறுபடி தைக்க முடியாது. நான் வெளியில போக முடியாது.”

தணலி சின்னப் பெண்களைப் பார்த்தாள். அவர்கள் எல்லோரும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையாள் அவர்களையும் பார்த்தாள், வாசல் இருக்கும் பக்கத்தையும் பார்த்தாள்.

“நீ பிடுங்கியிருந்தாக்கூட உன்னைத் திட்டியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன்” என்றாள். “கேட்டுட்டியே ஆத்தா. கேட்டா இல்லைன்னு சொல்றதுக்கு நீ எனக்குப் பழக்கவே இல்லையே.”

மடித்து வைத்திருந்த சரத்தை உருவி ஆத்தாவின் கையில் வைத்தாள். வைத்துவிட்டுக் கையை உடனே இழுத்துக்கொண்டாள்.

தணலி அதை அறுத்தாள். அறுத்த துண்டுகளை வளையம் வளையமாகக் கோத்தாள். இந்த வளையம் சொல்லும், முதல் சிவப்புக்குப் பின்னால் இரண்டு கருமணி. அந்த வளையம் சொல்லும், வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் நாலு. ஆயிரக்கணக்கில் வளையங்கள். ஒன்று தொலைந்தாலும் அடுப்பு எரியாது. உடையாள் கூட்டி எடுத்துப் போய்விடுவாளோ என்ற பயத்தில், ஒரு வளையத்துக்குள் இன்னொன்றை நுழைத்து, அதற்குள் மற்றொன்றை நுழைத்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பூட்டினாள். பெண்கள் கழுத்தில் போட்டபோது ஒருத்தியின் வளையம் இன்னொருத்தியுடையதோடு பின்னிக்கிடந்தது. ஒருத்தி நகர்ந்தால் எல்லோரும் நகர வேண்டும். நெருங்கி நெருங்கி உரசியதில் மெல்லிய தோல்கள் கிழிந்து ஒட்டிக்கொண்டன. கடைசியில் அங்கே பல பெண்கள் இல்லை, பல வாய் உள்ள ஒரே உடம்புதான் இருந்தது. தணலியும் அதற்குள்தான்.

உடையாள் சொன்னபடி வந்தாள். தணலி, உதிரி மணி இல்லை என்று சொல்லி உடையாளிடமே மணி வாங்கி, தன் மாலையைப் பார்த்து அப்படியே ஒரு சரம் கோத்துக் கொடுத்தாள். உள்ளறையில் தடவிப் பார்த்த உடையாள் ஆத்திரத்தோடு திரும்பி வந்தாள்.

“என்னடி இது? அடுப்பும் எரியல, ஒரு மண்ணும் எரியல.”

“நீங்க கேட்டதைக் குடுத்தேன் வீட்டுக்காரம்மா. என் கழுத்துல கிடக்கிறதும் அதேதான், நீங்களே பாருங்க.”

உடையாள் தடவிப் பார்த்தாள். அதேதான். பொய் எங்கே இருக்கிறது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கோபத்தில் அடுப்படிக்குத் தீனி போகும் வழியை அடைத்தாள். அடுப்பு மங்கியது. அடுப்பு மங்கியதும் அவளுக்கே மயக்கம் வந்தது, மேலெல்லாம் பழைய புண் திறந்தது. தடுமாறிப்போய் அடைப்பைத் திறந்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் அந்த வரிசையைக் கேட்கவே இல்லை.

ஆக, தணலி ஜெயித்துவிட்டாள். பிள்ளைகள் கங்கி ஆகவில்லை. அவர்களுக்குத் தங்கள் பெயர் தெரியும்.

ஆனால் ஒவ்வொரு முறை அடுப்பு மூட்டும்போதும் தணலி தன் உளறல் மாலையைத் தடவிக்கொண்டே போய், விளங்காத இடத்தில் நின்று, அந்த இடத்து வளையம் யாரிடம் இருக்கிறதோ அவளிடம் கேட்க வேண்டும். அவள் சொல்ல வேண்டும், இவள் கருமணியைச் சொருக வேண்டும், மூட்டி முடிந்ததும் மறுபடி உருவிவிட வேண்டும். திரையாளின் இடம் வரும்போது தணலியின் குரல் இறங்கிவிடும்.

“திரையா, இந்த இடத்துல?”

“மூணு.”

“சாப்பிட்டியா?”

பதில் வராது. சரத்தைக் கொடுத்த நாளிலிருந்து, மூணு என்பதைத் தவிர அவள் ஆத்தாவிடம் வேறு ஒரு சொல் பேசியதே இல்லை.

ஒருமுறை சின்னவள் ஒருத்தியின் வளையம் அறுந்தது. அதை மறுபடி கோத்து முடிப்பதற்குள் எல்லோரும் செத்துப் பிழைத்தார்கள். அதன் பிறகு பிள்ளை பெறும் காலம் வந்தால் எல்லா வளையங்களையும் ஒவ்வொன்றாகப் பூட்டுக் கழற்றி, பார்த்துப் பார்த்து, உடையாளிடம் வாங்கிய மணியில் ஒவ்வொன்றுக்கும் ஜோடி கோத்து, மறுபடி பூட்டினார்கள். யாருக்கும் ஒரு கணம்கூட ஓய்வில்லை. இவ்வளவு வேலைக்கும் தீனி போட உடையாளால் கடலில் மேய்ந்து கட்டுப்படியாகவில்லை. அடுத்தவர் உடம்புக்குள் புகுந்து, அவர்கள் ரத்தத்தில் இருந்துகொண்டு தின்னும் ஈனப் பிழைப்புக்கு அவள் இறங்கினாள்.

திரையாள் அந்த ஒட்டிய உடம்பின் ஓரத்துக்கு நகர்ந்தாள். வெளிக்கடலுக்கு எது மிக அருகில் இருக்கிறதோ அந்த இடத்துக்கு, உடையாளின் வால் முளைக்கும் இடத்துக்கு. வளையங்கள் பூட்டியிருந்ததால் தங்கைகளும், வளையங்களும், ஆத்தாவும் அவள் பின்னால் இழுபட்டு வந்தார்கள். அவள் வாலின் அடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு இழுக்கத் தொடங்கினாள். பின்னாலிருந்து உடம்பைத் தள்ளிக்கொண்டிருந்த வால் முன்னால் திரும்பியது. போதும் விடு என்று தணலி கெஞ்சினாள். அவள் விடவில்லை.

அவர்களுடைய சொந்தக்காரர்கள் செடிகொடி, மிருகங்கள் எல்லாவற்றின் உடம்பிலும் இருக்கிறார்கள். நம் உடம்பிலும் இருக்கிறார்கள். படித்தவர்கள் மைட்டோகாண்ட்ரியா என்று அவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம்முடையவர்கள் கழுத்தில் அந்தக் குட்டை மாலை இன்னும் ஒரே வட்டமாகக் கிடக்கிறது. பேனின் உடம்பில் அது துண்டு துண்டாகிவிட்டது, இழுதுமீன் என்கிற ஜெல்லிமீனின் உடம்பில் அறுந்து நேராகிவிட்டது. அதெல்லாம் வேறு வீட்டுச் சங்கதி. தணலியின் வீட்டுச் சங்கதி இதுதான். அன்று முதல்தான், மணல் ஈ கடித்து மனிதர்களின் ரத்தத்தில் ஏறிக் கருங்காய்ச்சலைக் கொண்டுவரும் அந்தச் சின்ன உயிருக்குள், உடையாளின் வாரிசுக்குள், ஆயிரம் வளையங்கள் ஒன்றோடொன்று பூட்டி வாலின் வேரிலேயே கிடக்கின்றன. அன்று முதல்தான் அந்த உயிர் எங்கே போனாலும் வால் முன்னால் போகிறது, உடம்பு பின்னால் இழுபட்டுப் போகிறது.